அண்ணனுக்கு மறுத்த இனிப்பு

என் அண்ணி சியூ-கிம் சர்க்கரை போட்ட சிவப்புப் பயறுக் கஞ்சியோடு ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தபோது, அது பக்கத்துக் கட்டில்காரருக்கு என்றுதான் நான் நினைத்தேன். அண்ணனுக்குச் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து அந்த வீட்டில் இனிப்பு என்ற சொல்லைக்கூட மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். கோயிலில் படைத்துக் கொண்டுவந்த மிட்டாயைக்கூட அண்ணி எண்ணி வைத்து எண்ணி எடுப்பாள். அண்ணன் தன் ஸ்கூட்டர் பட்டறையில், ஸ்பானர் பெட்டிக்கு அடியில் கடலை மிட்டாய் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, கிரீஸ் ஒட்டிய அந்த மிட்டாயை நடுத்தெருவில் நின்று எல்லோருக்கும் காட்டினவள் அவள். மீன் குழம்பிலேயே ஒரு கரண்டி சர்க்கரை போடுகிற எங்கள் தைனான் ஊரில், ஒரு மனுஷனை இனிப்பில்லாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அண்ணி வைத்திருந்தாள். அதற்காக அவளை நான் திட்டாத நாளும் இல்லை, உள்ளுக்குள் மெச்சாத நாளும் இல்லை.

அப்படிப்பட்டவள் அன்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கஞ்சியை ஊதி ஊதி அண்ணனுக்கு ஊட்டினாள். முதல் வாய்க்கு அண்ணன் என்னைப் பார்த்தான். இரண்டாவது வாய்க்கு அவளைப் பார்த்தான். அப்புறம் யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தைக் காலி செய்தான்.

நான் மார்க்கெட்டில் பால்கெண்டை விற்கிறவள். பெக்-லுவான் என்று கேட்டால் தெரியாதவர்கள்கூட, வாய் நீளமான மீன்காரி என்று கேட்டால் கடையைக் காட்டிவிடுவார்கள். அந்த நீளமான வாய் அன்று ஒன்றும் சொல்லாமல் சும்மா இருந்துவிட்டது. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடப்பதைப் பார்த்து மனசு இளகிவிட்டது போலிருக்கிறது, ஒரு நாள்தானே, போகட்டும் என்று விட்டேன். அந்த ஒரு நாளை விட்டதில் வந்த வினைதான் இவ்வளவும்.

அண்ணன் தியாம்-ஹோக்கை ஆஸ்பத்திரியில் சேர்த்தது கண் மஞ்சளாகிப் போனதால். கொஞ்ச நாளாகவே சாப்பாடு இறங்கவில்லை, விலாவில் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் பட்டறைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், உன் முகம் என்ன மாம்பழம் மாதிரி இருக்கிறது என்று கேட்டுவிட்டார். மஞ்சள் கண் என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்பா ஞாபகம்தான் வரும். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஈரலில் புற்று. ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை.

அதனால் ஸ்கேன் முடிவு வந்த அன்று நான் அறை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி பட்டறையைப் பூட்டிவிட்டு வரப் போயிருந்தாள். யென் டாக்டர் சின்னப் பையன். கையில் படத்தோடு நேரே அண்ணன் கட்டிலுக்குத்தான் வந்தார். நான்தான் அவர் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். நல்லதோ கெட்டதோ, முதலில் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், நோயாளிக்கு எதை எவ்வளவு சொல்வது என்பதைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு அதுதான் பழக்கம்.

யென் டாக்டர் சொன்னது நல்ல சேதி. பித்தப்பையில் கல். அதில் ஒன்று வழுக்கி வந்து குழாயை அடைத்துக்கொண்டதால்தான் மஞ்சள். புற்று கிற்று ஒன்றுமில்லை, நன்றாகத் தேடிப் பார்த்தாகிவிட்டது. பையை எடுத்துவிட்டால் ஆள் பழையபடி ஆகிவிடுவார். ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைக்க முடியும். ரொம்பத் தள்ளிப் போட்டால் பை அழுகி உள்ளேயே வெடித்துவிடும், அப்படி ஆனால் இந்தச் சர்க்கரை உடம்பைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷ அழுகை. வராந்தாக் குழாயில் முகத்தைக் கழுவி, துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக உள்ளே போய், ஒன்றுமில்லை அண்ணா, வெறும் கல்தான், எடுத்துவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். அண்ணன் என் ஈர முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணிக்கும் போன் போட்டு அதையே சொன்னேன். அவள் சரி என்று மட்டும் சொன்னாள். மறுநாள்தான் அந்தப் பயறுக் கஞ்சி வந்தது.

அதோடு நின்றதா என்றால் இல்லை. வெல்லப்பாகு ஊற்றின தௌஹுவா வந்தது. சோயாப் பாலைத் தயிர் மாதிரி உறைய வைத்துச் செய்கிற அதை அண்ணனுக்கு ஒரு காலத்தில் தினமும் இரண்டு கிண்ணம் வேண்டும். சேப்பங்கிழங்கு உருண்டை வந்தது. வேர்க்கடலையைக் குழைய வேகவைத்துச் சர்க்கரை கொட்டின கஞ்சி வந்தது. நான் காலையில் கடையை விட்டு வர முடியாது. மத்தியானம் நான் பால்கெண்டைக் கஞ்சியோடு வந்து பார்த்தால், அண்ணன் உதட்டோரம் ஏற்கெனவே பாகு காய்ந்திருக்கும். பக்கத்துக் கட்டிலில் கோ என்று ஒரு பெரியவர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மிச்சம் மீதி அவருக்குப் போகும். அவர் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்க நீ போன பிறவியில் பாலம் கட்டிப் புண்ணியம் சேர்த்திருக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்வார்.

நர்ஸ் விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் முகம் சுளித்தாள். ஊசி மருந்தைக் கூட்டினார்கள். சர்க்கரை அசைவேனா என்றது. என்ன சாப்பிட்டார் என்று கேட்டால், ஆஸ்பத்திரிச் சாப்பாடு மட்டும்தான் என்று அண்ணி சாதித்தாள். டப்பா போர்வைக்கு அடியில் இருந்தது. இத்தனை வருஷம் ஒளித்ததைக் கண்டுபிடித்தே பழகினவள் ஒளிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆபரேஷன் தள்ளிப் போயிற்று. பிறகு மறுபடியும் தள்ளிப் போயிற்று.

நான் அண்ணியைத் திட்டினேன். மார்க்கெட்டில் திட்டுகிற மாதிரி இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தகுந்த மாதிரிதான். சரி சரி என்பாள், மறுநாள் வேறொரு டப்பா வரும். கிள்ளிப் பார்த்தாலும் அவளுக்கு உறைக்கவில்லை. அண்ணனோ முதலில் ஆசையாகத் தின்றவன், போகப்போக மெதுவாகத் தின்ன ஆரம்பித்தான். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஜன்னலைப் பார்த்தான்.

ஒரு மத்தியானம் அண்ணி பாத்திரம் கழுவப் போன சமயம், திரையை இழுத்துவிடச் சொன்னான். இழுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"லுவான், எனக்கு எவ்வளவு நாள்னு சொன்னாங்க?"

"எதுக்கு எவ்வளவு நாள்? கல்லு எடுக்க ஒரு நாள் போதும்."

"எங்கிட்டயே நடிக்கிறியே. அப்பாகிட்ட இதே வசனத்த எழுதிப் பேசினவன் நான். கல்லுதான்பா, எடுத்துட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம். அந்தக் கல்லைக் கண்டுபிடிச்சதே நான்தானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சொன்னது உண்மை. அப்பாவுக்குப் புற்று என்று வராந்தாவில் தெரிந்துகொண்ட அன்று, அவரிடம் என்ன சொல்வது என்று நானும் அவனும் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தோம். கல் என்று சொல்வோம், கல்லுக்கு யாரும் சாவதில்லை என்று அண்ணன்தான் சொன்னான். பக்கத்துத் தெரு நூடுல்ஸ்காரருக்கு நிஜமாகவே கல் இருந்தது. அவருடைய எக்ஸ்ரேயை வாங்கிவந்து அப்பாவிடம் காட்டினோம். டாக்டரும் எங்களுக்காகத் தலையாட்டினார். அப்புறம் அப்பா கேட்டதையெல்லாம் வாங்கிவந்து கொடுத்தோம். சமைத்துக் கொடுத்தவள் அப்போது புதுப் பெண்ணாக வந்திருந்த அண்ணி. அவர் கடைசிவரை கல் என்றே நம்பிப் போய்ச் சேர்ந்தார் என்று எங்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அவனிடம் நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அது பொய்க் கல், இது நிஜக் கல் என்றேன். எனக்கே அது பொய் மாதிரித்தான் காதில் விழுந்தது.

"சரி, நிஜம்னே வெச்சுக்கோ," என்றான். "கிம் எனக்குத் தௌஹுவா ஊட்டறா. உனக்கு அவளைத் தெரியாதா? ஆபரேஷன் ஆபரேஷன்னு சொல்லிட்டுத் தள்ளிட்டே போறாங்க. தொறந்து பார்த்துப் பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சவங்கதான் அப்படித் தள்ளுவாங்க."

நான் ஓடிப்போய் யென் டாக்டரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பாவம், அந்தப் பிள்ளை கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படத்தை வெளிச்சத்தில் காட்டி, இது பை, இது குழாய், இது கல் என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விளக்கினார். அண்ணன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ரொம்ப நன்றி டாக்டர், உங்களுக்கு என்னால் ரொம்பச் சிரமம் என்றான். அவர் போனபிறகு என்னிடம், நல்ல பையன், அப்பாவுக்கு வந்த டாக்டரைவிட நன்றாகச் செய்தான், படம் யாருடையது என்று கேட்டான். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எங்கள் விஷயத்தில் போஜனத்துக்குக் குறைவில்லை, நம்பிக்கைதான் கிடைக்கவில்லை.

அண்ணியைத் தேடிப் போனேன். வராந்தாக் கோடியில், சாப்பாடு சுடவைக்கிற சின்ன அறையில் நின்றிருந்தாள். மைக்ரோவேவில் வேர்க்கடலைக் கஞ்சி சுற்றிக்கொண்டிருந்தது. நான் கதவை அடித்துச் சாத்தினேன். நீங்கள் கொண்டுவருகிற இனிப்புதான் அவனைக் கொல்கிறது, சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைப்பார்கள் என்று டாக்டர் உங்களிடமும் சொன்னாரே, உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டேன். இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குத் தகுந்த மாதிரி கேட்கவில்லை.

அவள் மைக்ரோவேவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சுற்றி நின்றபிறகுதான் பேசினாள்.

"எங்கிட்டயாவது நிஜத்தச் சொல்லியிருக்கலாம்ல லுவான். எனக்கு இதயம் வீக்குன்னு மறைக்கிறியா?"

"கல்லுதான் அண்ணி. மாட்சோ அம்மன் மேல சத்தியம்."

"மாமாகிட்டயும் அம்மன் மேலதான் சத்தியம் பண்ணினே. நான் பக்கத்துலதான் நின்னேன், கையில கிண்ணத்தோட."

சுவரில் சாய்ந்தபடி, அந்த மனுஷனை இத்தனை வருஷமாகத் துளி சர்க்கரைக்கு அலைய விட்டேனே, போகிற நேரத்திலாவது வயிறார ருசியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே என்று அழுதாள். கிரீஸ் மிட்டாயைத் தெருவில் காட்டினதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அதே சமயம் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. சத்தியத்துக்கும் மதிப்பில்லை, டாக்டருக்கும் மதிப்பில்லை என்றால் மனுஷி எதைக் கொண்டுதான் நிரூபிப்பது?

மறுநாள் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. அன்றைக்குத்தான், நான் வீட்டுக்குப் போகிறேன் என்று பிடிவாதமாகச் சொல்ல ஆரம்பித்தான். எங்கள் ஊரில் கடைசி மூச்சை வீட்டில்தான் விட வேண்டும். வெளியே போன உயிருக்கு வீடு திரும்ப வழி தெரியாது. அப்பாவைக்கூடக் கடைசி நேரத்தில் மூக்கில் குழாயோடு ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமி மாடத்துக்கு முன்னால் கிடத்தினபிறகுதான் குழாயை எடுத்தோம். அந்த மாதிரி பார்சலாக நான் போக மாட்டேன், காலில் தெம்பு இருக்கும்போதே போகிறேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்றான் அண்ணன். யென் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, ஊசியால் சர்க்கரையை எப்படியாவது இறக்கிவிடலாம், இனிப்பை மட்டும் நிறுத்துங்கள், இந்த நிலைமையில் வீட்டுக்குப் போனால் பை வெடித்துவிடும், ஆனால் அவர் சுயநினைவோடு போகிறேன் என்றால் நான் கட்டிப்போட முடியாது என்றார். கல்லுக்கு யாரும் சாவதில்லை என்று சொன்னவன், அந்தக் கல்லுக்கே சாகக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

அதற்கு மறுநாள் காலை நான் கடையைப் பாதியில் மூடிவிட்டு, மீன் செதிலோடு ரப்பர் பூட்ஸோடு அப்படியே வந்தேன். அண்ணன் ஆஸ்பத்திரி உடுப்பைக் கழற்றிவிட்டுச் சட்டை பேண்ட் போட்டு, கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். முகம் மஞ்சளும் சிவப்புமாக வியர்த்திருந்தது. துணிமணியெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. அண்ணி பக்கத்தில் நின்று, டப்பாவிலிருந்து தௌஹுவாவைக் கிண்ணத்தில் சரித்துக்கொண்டிருந்தாள். மேலே வேர்க்கடலை, அதற்கு மேலே கறுப்புப் பாகு, நிறைய. கண்ணீர் அதிலேயே விழுந்துகொண்டிருந்தது.

"வா லுவான்," என்றான் அண்ணன். "இதைச் சாப்பிட்டுட்டுக் கிளம்பறேன்."

அவன் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, ஏதோ பெரிய தியாகி மாதிரி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. அதுதான் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. நான் யோசிக்கவில்லை, திட்டம் போடவில்லை. பூட்ஸ் காலோடு போய் அண்ணி கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கினேன்.

"உனக்குக் கிடையாது."

"லுவான்."

"கிடையாதுன்னா கிடையாது. சர்க்கரை ஆகாசத்துல நிக்குது, பைக்குள்ள சீழ் கோத்துக் கெடக்கு, தொரைக்குத் தௌஹுவா கேக்குதா? வெக்கமா இல்ல உனக்கு? இந்த வயசுல நாக்க அடக்கத் தெரியாதவன் உசுர எங்கேருந்து காப்பாத்துவான்?"

"ஒரு வாய்தான் கேக்கறேன். கடைசியா ஒரு வாய்."

"அரை வாய்கூடக் கிடையாது. போய்ப் பச்சத் தண்ணி குடி."

அண்ணி ஸ்பூனை நீட்டினாள். அவள் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். ஸ்பூன் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அண்ணன் கிண்ணத்துக்குக் கை நீட்டினான், நான் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். சின்ன வயசில் பம்பரத்துக்குச் சண்டை போட்ட மாதிரி அவன் என் தோளைப் பிடித்து இழுத்தான், நான் முழங்கையால் தள்ளினேன், பாகு சிந்தி என் ஏப்ரனில் ஒழுகியது. நர்ஸ் வாசலில் வந்து நின்றுவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் கோ பெரியவர், சண்டை எதற்கு, இங்கே கொடுத்துவிடுங்கள் என்றார். நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஸ்பூன்கூட இல்லாமல் கிண்ணத்தை வாயில் கவிழ்த்து, நின்றபடியே, முழுவதையும் நானே விழுங்கினேன். அவன் பார்க்கப் பார்க்க விழுங்கினேன். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, போகிறதானால் போ, பட்டினியோடு போ, அந்த வீட்டில் உனக்கு ஒரு மிட்டாய்க் காகிதம்கூடக் கிடைக்காமல் நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அண்ணன் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அப்பா கேட்டதுக்கு நீ ஒரு தடவகூட இல்லைன்னு சொன்னதில்ல," என்றான்.

"அதுக்கென்ன இப்போ?"

"அவரு நடுராத்திரில ஐஸ் கேட்டாக்கூட ஓடுவே. ஒரு தடவகூட உன்னால முடியல. எனக்குத் தெரியும், என்னாலயும் முடியல." கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தான். "இப்ப இல்லைங்கறே. அதுவும் இந்த மாதிரி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயில் பாகு இனித்துக்கொண்டிருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாயைத் திறந்திருந்தால் கெடுத்திருப்பேன்.

"நிஜமாவே கல்லுதானா?" என்று கேட்டான்.

"கல்லுதான்டா அண்ணா," என்றேன். பிறந்ததிலிருந்து அவனை டா போட்டதில்லை.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு எழுந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, அலமாரியைத் திறந்து, போர்வையை உதறி, தலையணைக்கு அடியில் கைவிட்டு, இருக்கிற டப்பா, பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டாள். சேப்பங்கிழங்கு உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ள அண்ணன் கை நீட்டப் பார்த்தான். எடுத்தால் விரலை ஒடித்துவிடுவேன் என்றாள். அந்தக் குரலைக் கேட்டு அண்ணன் தலையணையில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தான். விலா வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, உங்களிடம் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அண்ணி குனிந்து வணங்கினாள்.

சர்க்கரை இறங்கியது. கத்தி வைத்தார்கள். பை கிழிகிற நிலைமையில்தான் இருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று யென் டாக்டர் சொன்னார். கற்களை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். வராந்தாவுக்கு யாரையும் கூப்பிடாமல், நேராக அண்ணன் கையிலேயே கொடுத்தார். அண்ணன் அதைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தான். கோ பெரியவர் திரையை விலக்கி வாங்கிப் பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை கலாட்டா என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவனுக்கு முதல் கஞ்சி கொடுத்த அன்று மூன்று பேருமே இருந்தோம். உப்பு மட்டும் போட்ட வெறும் அரிசிக் கஞ்சி. அண்ணி ஊட்டவில்லை, கிண்ணத்தை அவன் மடியில் வைத்து, கை இருக்கிறதே, சாப்பிடுங்கள் என்றாள். அவன் இரண்டு வாய் குடித்துவிட்டு ஸ்பூனைக் கீழே வைத்தான். சரி, உப்பு பற்றித்தான் புலம்பப் போகிறான் என்று நான் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"லுவான், அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றான்.

எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். புரிந்திருந்தது.

"நான் எவ்வளவு பெரிய முட்டாள். எனக்கே ரெண்டு கிண்ணத்துல புரிஞ்சிடுச்சு. இந்தக் கட்டில்ல படுத்துப் பார்த்தா எல்லாம் தெரியுது. உங்க முகம் தெரியுது, நீங்க கழுவிட்டு வர்றது தெரியுது. அவரு நம்மளவிடக் கெட்டிக்காரரு. அவருக்கா தெரியாது?"

தெரிந்திருந்தால் ஏன் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார் என்றேன். கடைசிவரை கல் என்று நம்பித்தான் போனார் என்று நான் அவ்வளவு காலமாகப் பிடித்து வைத்திருந்ததைக் கைவிட எனக்கு மனசில்லை.

"எங்கேருந்து வாங்கிட்டு வரச் சொன்னாரு, யோசிச்சுப் பாரு. ஆஸ்பத்திரி வாசல்லயே எல்லாக் கடையும் இருந்துச்சு. ஒரு நாளாவது அங்க வாங்கிட்டு வான்னாரா? அரிசிக் களி மாதோவ் ஊர்லதான் நல்லாருக்கும்னு உன்ன அனுப்புவாரு. இறால் சுருள் ஆன்பிங் துறைமுகத்துலதான்னு என்ன அனுப்புவாரு. கொண்டுவந்தா ரெண்டு வாய். அதுக்கு மேல அவருக்கு இறங்கவே இல்ல."

அண்ணி கையில் இருந்த துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். மாமா மிச்சத்தை என்னிடம் கொடுத்து அவர்களுக்குத் தெரியாமல் கொட்டிவிடு என்பார், நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றாள்.

"போற வழியில நீ என்ன பண்ணுவே?" என்று அண்ணன் என்னைக் கேட்டான்.

மாதோவ் போகிற சாலையில் ஆள் நடமாட்டமே இருக்காது. இரண்டு பக்கமும் வயல்தான். ஊர் எல்லை தாண்டினதும் நான் ஆரம்பிப்பேன். ஸ்கூட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் வாய்விட்டு, அப்பா அப்பா என்று கத்திக் கத்தி அழுதுகொண்டே போவேன், அழுதுகொண்டே வருவேன். ஆஸ்பத்திரி வருவதற்குள் முடித்துக்கொள்வேன். அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அண்ணனிடம் சொன்னேன். நானும் அதையேதான் செய்தேன், துறைமுகத்து அணைமேல் உட்கார்ந்து என்றான்.

திரும்பி வந்து அறைக்குள் நுழைந்தால், அப்பா எங்கள் சிவந்த கண்ணைத்தான் முதலில் பார்ப்பார். வெளியே காற்று ரொம்பவோ என்று கேட்பார். ஆமாம்பா, ரொம்பக் காற்று என்போம். அப்படியா என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, இதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன் என்பார்.